முதலில் சிரித்தவர்

முத்தழகு ஆராய்ச்சியை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டான். நாலு வருட உழைப்பு. இனி வர மாட்டேன் என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தான்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவன் ஒரு வரைபடம் காட்டினான். அணுக்கூட்டம் ஒளியை உறிஞ்சுவதில் புது விஷயம் கண்டேன் என்றான். ஒரு புதுசும் இல்லை. கருவியின் மேல் கறுப்புத் துணி போட மறந்திருந்தான். ஆய்வக விளக்கின் வெளிச்சம் உள்ளே புகுந்திருந்தது.

படம் காட்ட விளக்கை அணைத்திருந்தார்கள். இருட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார். பிறகு அறையே சிரித்தது. மறுநாளிலிருந்து, "என்ன டியூப்லைட், எரியுதா?" என்று அவனைக் கேட்காதவர் இல்லை.

நிறுவனம் விசாரணைத் தாள் அனுப்பியது. 'கேலியைத் தொடங்கியவர் பெயர்' என்று அதில் ஒரு கட்டம். பெயர் வந்தால் அந்த ஆள் வெளியே. மாலைக்குள் வேண்டுமாம்.

முத்தழகுவோடு ஆராய்ச்சி செய்த சேவியர் அந்தத் தாளோடு பேராசிரியர் தில்லைநாயகியிடம் போனான்.

"மேடம், முதல்ல சிரிச்சது நானா?"

"என்னை ஏன் கேக்கறே?"

"எனக்கு ஞாபகமே இல்ல மேடம். மூணு நாளாத் தூக்கம் இல்ல. யாருன்னு தெரிஞ்சாப் போதும்."

 அவர் அவனை ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனார். கண்ணாடிக் குப்பிக்குள் குளிரவைத்த அணுக்கள், ஒரு புள்ளி அளவுக்குக் கூட்டமாக. லேசரை மங்கலாக்கி, ஒரே ஒரு ஒளித்துகளை உள்ளே விட்டார். மறுபக்கம் எதுவும் வரவில்லை. கூட்டம் விழுங்கிவிட்டது.

"தனி அணுவா இருந்திருந்தா?"

"பெரும்பாலும் கண்டுக்காது மேடம். ஒளி பாட்டுக்குத் தாண்டிப் போயிடும்."

"இப்ப எந்த அணு எடுத்துச்சு?"

"அப்படிச் சொல்ல முடியாது. கூட்டமாத்தான் எடுத்துச்சு."

"தேடிப் பாரேன்."

"தேடினா ஏதோ ஒண்ணுகிட்ட இருக்கும். மத்ததெல்லாம் சும்மா இருக்கும்."

"தேடறதுக்கு முன்னாடி?"

சேவியர் குப்பியைப் பார்த்தபடி நின்றான்.

"எல்லாத்துலயும் இருந்துச்சு மேடம்."

அவர் தாளை வாங்கினார். கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"ஒரு பேர் எழுதினா மத்தவங்க நிம்மதியாத் தூங்குவாங்க. அன்னிக்கு அவனைத் தவிர ரூம்ல இருந்த ஆறு பேரும் சிரிச்சோம். நானும்தான்."

சேவியருக்கு மூச்சு வந்தது.

"அப்ப என்மேல தப்பு ஆறுல ஒரு பங்குதானே மேடம்?"

தில்லைநாயகி லேசரை அணைத்தார்.

"பங்கு போடவா வந்தே? உன்கிட்ட இருக்கறது முழுசு. என்கிட்ட இருக்கறதும் முழுசு. போ."