பங்காக் கயிறு சொன்ன அர்த்தம்

அன்று மேலக்குறிச்சி ஜமீன் கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். ஜமீன்தார், அவர் மகன் சின்னதுரை, இங்கிலீஷ் வாத்தியார் தாமோதரம், கூரையில் தொங்கிய துணி விசிறியான பங்காவை மூலையில் உட்கார்ந்து கயிற்றால் இழுக்கும் கருத்தாண்டி. வாத்தியார் முன்னால் ஒரு தட்டில் எட்டு அதிரசம்.

“‘ஈஸ் ஆஃப்’ என்றால் என்னடா?” என்று ஜமீன்தார் மகனைக் கேட்டார். பையன் திருதிருவென்று விழித்தான்.

“இவன் வீசுற காத்துல தம்பி தூங்கிடுறார். முதல்ல இவனை வேலையை விட்டு அனுப்புங்க,” என்றார் வாத்தியார், ஐந்தாவது அதிரசத்தை மென்றபடி.

“மூணு பிள்ளைக்காரன் சாமி!” என்று பதறினான் கருத்தாண்டி.

“அப்ப அர்த்தத்தை நீயே தம்பிக்குப் புரியவை. வேலை உனக்குத்தான்,” என்று சிரித்தார் வாத்தியார். ஜமீன்தாரும் தலையாட்டினார்.

கருத்தாண்டி கயிற்றை ஓங்கி ஓங்கி இழுத்தான். காகிதங்கள் பறந்தன, வாத்தியாரின் தலைப்பாகையும் பறந்தது. “ஈஸ் ஆஃப்! ஈஸ் ஆஃப்!” என்று அவர் வழக்கம்போலக் கத்தினார். அவன் கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினான்.

“நிறுத்துறதா?” என்றான் சின்னதுரை.

“இல்லீங்க தம்பி. பங்கா இன்னும் ஆடுது பாருங்க. வேகம்தான் தணிஞ்சிருக்கு.”

“அப்ப மழை தணிஞ்சாலும் ஈஸ் ஆஃப்தான்!” என்று பையன் துள்ளினான்.

“உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?” என்று கருத்தாண்டியைப் பார்த்து வியந்தார் ஜமீன்தார்.

“வாத்தியார் ஐயாதாங்க. காத்து அதிகமானா தினமும் இதைத்தான் சொல்லுவாங்க. அவங்க புண்ணியத்துல என் அடுப்பு எரியும்,” என்று கருத்தாண்டி மனதாரக் கும்பிட்டான்.

வாத்தியார் ஆறாவது அதிரசத்துக்குக் கை நீட்டினார்.

“ஈஸ் ஆஃப், வாத்தியாரே!” என்ற ஜமீன்தார், தட்டைக் கருத்தாண்டியிடம் நீட்டினார். பிள்ளைக்கு ஒன்று என்று, அதில் சரியாக மூன்று மீதி இருந்தது.