அய்யலூர் வளைவில் முப்பத்தெட்டுப் பெட்டிகள்

திண்டுக்கல் ரயில் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற பிரிட்டோவுக்கு முப்பத்திரண்டு வயது. எனக்கு நாற்பத்தொன்பது. அவர்தான் எனக்குக் குரு. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். தண்டவாளத்தோரம் நின்று ரயிலைப் படம் பிடிப்பதும் ஒரு வித்தைதான். அது யாருக்குத் தெரியுமோ அவரிடம்தான் போய்க் கைகட்டி நிற்க வேண்டும்.

ஞாயிறுதோறும் அய்யலூர் வளைவுக்குப் போவோம். ரயில்வே வேலிக்கு வெளியே ஒருவருடைய கடலைக்காடு, அதில் ஒரு மேடு. காட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் மேட்டில் ஏறுவோம்.

குருவின் சட்டம் மூன்று. சிவப்போ பச்சையோ உடுத்தி வரக் கூடாது. ரயிலைப் பார்த்துக் கையை ஆட்டக் கூடாது. எடுக்க ஆரம்பித்தால் பெட்டிக்கு ஒரு படம், கடைசிப் பெட்டி போகிறவரை கேமராவை இறக்கக் கூடாது.

நான் முதல் நாளே சிவப்பு டீ-ஷர்ட்டில் போய் நின்றேன். எதிரே வந்த வண்டியின் ஓட்டுநர் ஹாரனை அழுத்திப் பிடித்தபடி வேகத்தைக் குறைத்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. குரு திட்டவில்லை.

"வீட்டுக்குப் போய் சட்டைய மாத்திட்டு வாங்கண்ணே" என்றார்.

வீடு இருபத்தைந்து கிலோமீட்டர். போய் மாற்றிக்கொண்டுதான் வந்தேன்.

எனக்குப் பிறகு சேர்ந்தவர் வேலுத்தாய் அக்கா. வடமதுரையில் பிளவுஸ் தைக்கிறவர். ஐம்பத்தாறு வயது. நாலு மாதத்துக்கு முன்னால் ஜெராக்ஸ் கடைக்கு வந்து, வரிசையில் நின்றவர்களை எல்லாம் விலக்கிவிட்டுக் கேட்டார்.

"ஓடுற எஞ்சினுக்குள்ள இருக்கிற ஆளோட மூஞ்சி தெரியிற மாதிரி போட்டோ எடுக்க முடியுமா தம்பி?"

"முடியும்க்கா. நாலு மாசம் ஆகும்."

"நாலு மாசமா? வண்டி அம்புட்டு மெதுவாவா போகுது?"

"கை பழகணும்ல."

யாருடைய முகம் என்று குரு கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். என் வாய் சும்மா இருக்காது.

மகள் தமயந்தியின் முகம். சரக்கு ரயிலில் உதவி ஓட்டுநர். வேலைக்கு உத்தரவு வந்த அன்று அக்கா வீட்டில் பெரிய சண்டை. பெண்பிள்ளை ராத்திரி பகல் பார்க்காமல் எஞ்சினில் போவதாவது என்று அக்கா குதித்திருக்கிறார். கடைசியில், "எஞ்சின்ல ஏறினேன்னா அப்புறம் என் மூஞ்சியிலயே முழிக்காத" என்று சொல்லிவிட்டார். மகள் ஏறிவிட்டாள். மதுரையில் விடுதியில் தங்கிக்கொண்டாள். பதினாலு மாதமாக வீட்டுப் படி மிதிக்கவில்லை. அப்பாவோடு மட்டும் பேசுவாள். அம்மா கூப்பிட்டால் மணி அடித்து அடித்து ஓய்ந்துவிடும்.

"சொன்ன வார்த்தைய எப்படித் திருப்பி எடுக்கிறதுன்னு தெரியல தம்பி. நான் வந்து நின்னேன்னு அவளுக்குத் தெரியணும். அதுக்குத்தான் போட்டோ."

குரு தன்னுடைய பழைய கேமராவை எடுத்து அக்கா கழுத்தில் மாட்டினார்.

அக்காவுக்கு நல்ல கண். மூன்றாம் வாரமே ஓடுகிற எஞ்சினின் நம்பர் தெளிவாக விழுந்தது. ஒரே ஒரு தகராறு. எஞ்சின் கடந்ததும் கேமரா தானாகக் கீழே இறங்கிவிடும். குரு பின்னால் நின்று முழங்கையில் ஒரு தட்டு தட்டுவார். மேலே ஏறும். இரண்டு பெட்டிக்கு அப்புறம் மறுபடி இறங்கும்.

"எம்மக எஞ்சின்லதான இருப்பா? பின்னால வர்ற பெட்டிய எல்லாம் நான் எதுக்கு எடுக்கணும்?"

"கேமராவை இறக்காதீங்கக்கா."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க தம்பி."

"அடுத்த வண்டி வருது பாருங்க."

எத்தனை முறை கேட்டாலும் இதுதான் கிடைத்தது.

நாலு மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணிக்குக் குருவுக்கு அக்காவிடமிருந்து போன். மகள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள், மதுரையிலிருந்து திருச்சிக்குச் சரக்கு வண்டி, பத்து மணி வாக்கில் அய்யலூர் தாண்டும், பழுது பார்க்க ஒர்க்ஷாப்புக்குப் போகிற பெட்டிகள்.

குரு என்னைக் கூப்பிட்டபோது அவர் குரலே மாறியிருந்தது.

"அண்ணே, ஒர்க்ஷாப் வண்டிண்ணே! ஒரு பெட்டி மாதிரி இன்னொண்ணு இருக்காது! முன்னால ரெட்டை எஞ்சினாம்! கிளம்புங்கண்ணே, கிளம்புங்க!"

இந்தப் பைத்தியம் பிடிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே சரக்கு ரயில் என்றால் நிலக்கரி முழுக்க நிலக்கரி, சிமெண்ட் முழுக்க சிமெண்ட். தலையிலிருந்து வால்வரை ஒரே மாதிரிப் பெட்டி. எல்லாம் கலந்து வருகிற வண்டி எப்போதாவதுதான் சிக்கும். குரு அதற்காக இரண்டு வருடமாகக் காத்திருந்தார். நான் இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு பைக்கை எடுத்தேன்.

ஒன்பதரைக்கு மேட்டில் ஏறினால், அக்கா எங்களுக்கு முன்னால் வந்து நிற்கிறார். மிளகாய்ப்பழச் சிவப்பில் பட்டுச் சேலை. கடலைக்காடு முழுக்க அது ஒன்றுதான் தெரிந்தது.

குரு அக்காவையே பார்த்தார்.

"மொத சம்பளத்துல அவ வாங்கி அனுப்புன சேலை தம்பி. அவங்க அப்பா கையில கொடுத்து விட்டா. பிரிச்சுக்கூடப் பாக்காம வச்சிருந்தேன். இன்னிக்குத்தான் கட்டுறேன்."

"சட்டம் மறந்து போச்சாக்கா?"

"மறக்கல. இந்த ஒரு நாள் விட்ருங்க. இதைப் பாத்தாத்தான் நிக்கிறது நான்னு அவளுக்குத் தெரியும். தூரத்துலயே தெரியும்."

"தெரியும். தெரிஞ்சதும் என்ன செய்வா?"

அக்கா குனிந்து தன் சேலையைப் பார்த்தார்.

"தண்டவாளத்தோரம் சிவப்பைப் பாத்தா என்ன செய்யணும்னு தங்கச்சிக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாங்கள்ல? அந்த நேரத்துல, இது ஆபத்தா, அம்மா சேலையான்னு அது யோசிச்சுக்கிட்டு இருக்கணுமாக்கா?"

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. வடமதுரைக்குப் போய்ச் சேலை மாற்றி வர நேரமில்லை. குரு என் பைக்கின் பெட்டியைத் திறந்து மழைக்கோட்டை எடுத்தார். சாம்பல் நிறம், கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடும். மே மாத வெயில். தரையில் கால் வைக்க முடியவில்லை.

"இதுக்குள்ள வெந்துருவேன் தம்பி."

"ஆமாக்கா."

அக்கா முந்தானையை உள்ளே செருகிக்கொண்டு மழைக்கோட்டை மாட்டினார். தலையில் தொப்பி வேறு. பெற்ற மகள் பக்கத்தில் வந்து பார்த்தாலும் அடையாளம் தெரியாது. நான் சிரிக்கக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"உதவி ஓட்டுநர் வலது பக்கம் உக்காருவாங்க. நாம அந்தப் பக்கம்தான் நிக்கிறோம். கண்ணாடில வெயில் அடிக்காது. பதறாதீங்க" என்றார் குரு. அவர் தன் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

பத்து மணி. பத்தே கால். பத்தரை. ஒரு எக்ஸ்பிரஸ் போனது. ஒரு ஆட்டு மந்தை போனது. அக்காவின் முகத்தில் வேர்வை ஆறாக ஓடியது.

"வருமா தம்பி?"

"சிக்னலைப் பாருங்க."

வளைவின் கோடியில் இருந்த சிவப்பு விளக்கு பச்சைக்கு மாறியது!

அடேயப்பா, அந்த நிமிடத்தை என்னவென்று சொல்வேன்! முதலில் சத்தம் வரவில்லை. மின்கம்பி அதிர்ந்தது. பிறகு ஹாரன், அடிவயிற்றில் இறங்குகிற ஹாரன். வளைவில் திரும்பி வந்தன இரண்டு எஞ்சின்கள். முன்னது நீலம், பின்னது வெள்ளையும் காவியும். அதற்குப் பின்னால் பெட்டிகள் வளைந்து வளைந்து வந்துகொண்டே இருந்தன.

"ஆத்தாடி!" என்றார் அக்கா. கேமரா கண்ணுக்குப் போய்விட்டது. கை ஆடவில்லை.

டக் டக் டக் டக். எஞ்சின் எங்களைக் கடந்தது. தரை குலுங்கியது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் முகம், நீட்டிய ஒரு கை. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

இப்போது கேமரா இறங்கும் என்று நினைத்தேன். குரு அக்காவின் பின்னால் ஒரு விரலை மடக்கித் தயாராக வைத்திருந்தார்.

இறங்கவில்லை.

"ஒண்ணு" என்றார் அக்கா, சத்தமாக. எண்ணெய் டேங்கர்.

"ரெண்டு." மூடிய பெட்டி, கதவு துருப்பிடித்தது. "மூணு." நிலக்கரிப் பெட்டி, காலி. "நாலு." தட்டையான வெற்றுப் பலகை. "அஞ்சு." மறுபடி டேங்கர், வயிற்றில் நெளிவு. எல்லாம் ஒட்டுத்துணி தைத்த மாதிரி ஒன்றோடு ஒன்று கோத்து வந்தது. கண்ணில் தண்ணீர் வழிய, மழைக்கோட்டுக்குள் வெந்துகொண்டு, அக்கா எண்ணினார், அழுத்தினார், எண்ணினார். இருபதுக்குமேல் குரல் உடைந்தது. எண்ணிக்கை உடையவில்லை. குருவின் விரல் மடங்கியபடியே இருந்தது. ஒருமுறைகூடத் தட்ட வேண்டியிருக்கவில்லை.

"முப்பத்தேழு. முப்பத்தெட்டு!"

கடைசியில் கார்டு பெட்டி. அதன் முதுகில் மஞ்சளாகப் பெரிய பெருக்கல் குறி. உள்ளே இருந்த கார்டு எங்களைப் பார்த்துக் கையை அசைத்தார். சட்டம் சட்டம்தான். நாங்கள் அசைக்கவில்லை, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம்.

வண்டி மறைந்த பிறகுதான் என் கேமராவின் மூடியை நான் கழற்றவே இல்லை என்று கண்டுபிடித்தேன். சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

அக்கா மழைக்கோட்டைக் கழற்றி எறிந்தார். சேலை தண்ணீரில் நனைத்தது போல இருந்தது.

"என்னைப் பாத்தாளா தம்பி? கைய நீட்டுனாளே, என்னைப் பாத்துத்தான?"

குரு கேமராவை வாங்கி, முதல் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். அத்தனை தெளிவு. தமயந்தியின் நெற்றிப் பொட்டு வரை தெரிந்தது. கை முன்னால் நீண்டிருந்தது. வாய் திறந்திருந்தது.

"இல்லக்கா. சிக்னலைப் பாக்குது. பச்சைன்னு கை நீட்டி ஓட்டுநர்கிட்ட சத்தமாச் சொல்லுது. அதுதான் அதோட வேலை."

அடுத்த படம். அதே கண், அதே இடம். அதற்கடுத்தது. அதுவும் அப்படியே.

"பெத்தவ இங்க நிக்கிறேன். ஒரு தடவை திரும்பல."

அக்கா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க முகம் மாறியது.

"எம்புட்டுக் கவனமா இருக்கா, பாருங்களேன்" என்றார் மெதுவாக.

குரு படங்களை எல்லாம் அக்காவின் போனுக்கு மாற்றிக் கொடுத்தார். அக்கா மகளின் பெயரைத் தேடி எடுத்தார்.

"இந்த மொதப் படத்தை அனுப்பிருறேன் தம்பி."

"எல்லாத்தையும் அனுப்புங்கக்கா. முப்பத்தெட்டுப் பெட்டியையும்."

"டேங்கரையும் துருப்பிடிச்ச கதவையும் பாத்து அவ என்ன செய்யப் போறா? மொத நாள்லருந்து கேக்குறேன், இன்னிக்காவது பதில் சொல்லுங்க. பெட்டி எதுக்கு?"

குரு மழைக்கோட்டை எடுத்து உதறி மடித்தார்.

"எஞ்சினை மட்டும் அனுப்புனா, அம்மா என் மூஞ்சியப் பாக்க வந்துச்சுன்னு தங்கச்சி நினைச்சுக்கும். எல்லாத்தையும் அனுப்புனா, நான் எம்புட்டு இழுத்துட்டுப் போறேன்னு அம்மா கடைசி வரைக்கும் நின்னு எண்ணுச்சுன்னு தெரிஞ்சுக்கும்."