ஜான்சனைக் கூட்டிட்டு வா!

பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். கேட்டால் கால்பந்து என்பார்கள். அதுதான் அமெரிக்கா. அந்த ஆட்டத்துக்குச் சம்பளம் கொடுக்க ஆரம்பித்த புதிதில், ஓஹாயோவில் விட்லாக் என்ற இரும்பாலை முதலாளி சொந்தமாக அணி வைத்திருந்தார். உலைக்குக் கரி அள்ளிப் போடும் எம்ரிஸ் அதில் இடம் கேட்டான்.

"ஒல்லிப்பிச்சான்! நீயெல்லாம் ஆட லாயக்கில்லை, போடா!" என்று துரத்திவிட்டார்.

பக்கத்து ஊர் அணி அவனைச் சேர்த்துக்கொண்டது. முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடுமே! அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் பலரும் செய்ததுபோல, ஜான்சன் என்று பொய்ப்பெயர் வைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை கொட்டும் மழையில், முகமெல்லாம் சேறாக, விட்லாக்கின் அணியை மண்ணைக் கவ்வ வைத்தான்.

மறுநாள் ஆலையில் எல்லார் முன்னாலும் முதலாளி கத்தினார்: "அந்த ஜான்சன் நம்ம அணிக்கு வேணும்! எம்ரிஸ், நீ அந்த ஊர்ப்பக்கம்தானே? சாயங்காலத்துக்குள்ள அவனைக் கூட்டிட்டு வா. இல்லேன்னா உனக்கு வேலை இல்லை!"

"கூட்டிட்டு வந்தா, ஐயா?"

"உன் வேலை நிலைக்கும். அவனுக்கு அணியில இடம். இத்தனை பேரும் சாட்சி!"

எம்ரிஸ் வாசலுக்குப் போனான். சேற்றை அள்ளி முகத்தில் அப்பிக்கொண்டு திரும்பி வந்தான்.

"கூட்டிட்டு வந்துட்டேன், ஐயா."

முதலாளி எகிறினார். "திருட்டுப்பயலே! என் உப்பைத் தின்னுட்டு எதிரணிக்கா ஆடினே?"

"நான் எங்கே ஐயா ஆடினேன்? எம்ரிஸ் ஆட லாயக்கில்லைன்னு நீங்கதானே சொன்னீங்க!"