ஆற்றை எழுப்பிய பளிங்கு

முன்னொரு காலத்திலே, ஏழு மலைக்கு அந்தப் பக்கம், செங்கழுநீர் நாட்டிலே குமுதவல்லி என்றொரு பெண் இருந்தாள். ஓடக்காரர் மகள். பார்வை மங்கல், நடுப்பகலிலும் அவளுக்கு உலகம் பனிமூட்டம்தான். "கண் தெரியாத பிள்ளைக்குப் படிப்பு எதுக்கு?" என்று பள்ளிக்கூடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஒருநாள் ஆற்றங்கரையில் ஒரு நீர்நாய் வலையில் சிக்கிக் கதறியது. முடிச்சுகள் குமுதவல்லிக்குத் தெரியவில்லை. விரலால் தடவித் தடவியே அவிழ்த்தாள்.

"உயிரைக் காத்தாய் பெண்ணே! இந்தா" என்று நீர்நாய் கண்ணாடிபோல் தெளிந்த ஒரு பளிங்குக் கல்லை நீட்டியது. "இது புதுப் பார்வை தராது. இருக்கிற பார்வைக்குப் பலம் தரும். கண்ணருகே பிடி, மெல்ல நகர்த்து, அவசரப்படாதே."

குனிந்து பார்த்தாள். "அப்பா! எறும்புக்கு மீசை இருக்கு!"

அப்பாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவர் மணலில் எழுத, அவள் படித்தாள். முதலில் தலை வலித்தது, எழுத்துகள் நழுவி ஓடின. விடவில்லை. மழைக்காலத்துக்குள் ஏட்டையே படிக்கத் தேறிவிட்டாள்.

அப்போதுதான் கார்முகன் என்ற மந்திரவாதி வந்தான். "அரியணையைக் கொடு!" என்றான். அரசர் மறுத்தார். கோலால் தட்டினான்; ஓடிய ஆறு கருங்கல்லானது! கரைப் பாறையில், கசகசாவிலும் சின்ன எழுத்தில், சாபம் தீரும் மந்திரத்தைக் கீறினான். "பௌர்ணமிக்குள் படித்தால் ஆறு உங்களுக்கு. படிக்காவிட்டால் நாடு எனக்கு!"

வில்வீரன் வந்தான், கண் கலங்கியது, படிக்க முடியவில்லை. அமைச்சர் வந்தார், கண் எரிந்தது, படிக்க முடியவில்லை. அரசரே வந்தார், கண் இருண்டது, படிக்க முடியவில்லை. குழந்தைகள் தாகத்தில் துவண்டன.

பௌர்ணமியன்று குமுதவல்லி வந்தாள்.

"குருட்டுப் பெண்ணா படிப்பாள்?" என்று சிரித்தான் கார்முகன்.

"எனக்குக் கொஞ்சம் தெரியும். அந்தக் கொஞ்சம் போதும்."

அமைச்சர் பளிங்கை வாங்கிக் கையை எட்ட நீட்டிப் பிடித்துப் பார்த்தார். எல்லாம் தலைகீழ்!

"பழகணும் ஐயா" என்று திரும்ப வாங்கிக்கொண்டாள். மூக்கு உரசப் பாறையில் கவிழ்ந்தாள். மந்திரவாதி புழுதி கிளப்பினான், அவள் தலை தூக்கவில்லை. இடி இடித்தான், தலை தூக்கவில்லை. காதருகே சீறினான், தலை தூக்கவில்லை. ஒரு எழுத்து... இன்னொரு எழுத்து...

"எ... ழு... நீ... ரே... ஓ... டு!"

கருங்கல் பிளந்தது. ஆறு பொங்கிப் பாய்ந்தது! கார்முகன் நீர்க்குமிழியாகி டப்பென்று உடைந்துபோனான்.

"என்ன வேண்டும், கேள் மகளே!" என்றார் அரசர்.

"என்னைப் போலப் பல பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறார்கள், மகாராஜா. அவரவர் கண்ணுக்கு ஏற்ற பளிங்கு வேண்டும். பள்ளியில் முன்வரிசையில் இடம் வேண்டும்."

கல் தச்சர்கள் தடிமனாகவும் மெல்லிசாகவும் பளிங்கு தீட்டினார்கள். எந்தக் கண்ணுக்கு எது என்று குமுதவல்லியே பார்த்துப் பார்த்துக் கொடுத்தாள். பள்ளி திறந்த அன்று, வாசலில் ஒரு சின்னப் பெண் பளிங்கைத் தன் அம்மாவின் முகத்தருகே கொண்டுபோனாள்.

"அம்மா, உன் மூக்குத்தியில சிவப்புக் கல்லா இருக்கு!"

மணி அடித்தும், அந்த அம்மா முகத்தை நகர்த்தவே இல்லை.