திப்பியில் ஈரம்

“அவன் நெஞ்சுல கொஞ்சங்கூட ஈரம் இல்லம்மா” என்றார் அர்த்தனாரி.

அவன் என்றது பெற்ற மகனை. ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி செய்கிற ஒரு சேகோ ஆலை. அர்த்தனாரி பாடுபட்டு நிலைநிறுத்தியது. மகன் செங்கோட்டுவேல் பேருக்கு எழுதிக்கொடுத்த மறுவாரமே, “அப்பா, இனிமே நீங்க ஆலைப் பக்கம் வர வேண்டாம்” என்றுவிட்டான். அதுவும் ஆட்கள் முன்னால். அந்த வாயை என்ன சொல்ல!

மனுஷர் கிளம்பி, கரட்டுக் குன்றின் அடியில் குடிசை போட்டிருந்த மாதம்மாவிடம் வந்து சேர்ந்தார். மாதம்மா அவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் மனசு சரியில்லை என்றால் அந்தப் பக்கத்து ஜனங்கள் அவரிடம்தான் போவார்கள். அவர் யாருக்கும் உபதேசம் செய்ததாகத் தெரியவில்லை. வேலைதான் கொடுப்பார்.

“என்னையப் பிழிஞ்சு எடுத்துட்டுத் திப்பியாட்டம் வெளிய கொட்டிட்டான். இனி நான் எதுக்கு ஆவேன், சொல்லுங்க.”

திப்பி என்பது மரவள்ளிக் கிழங்கில் மாவைப் பிழிந்த பிறகு மிஞ்சுகிற சக்கை.

மாதம்மா ஆட்டுப் பட்டியைப் பார்த்தார். வெட்ட மனசு வராதவர்கள் கொண்டுவந்து விட்டுப்போன செம்மறிகள். மழை இல்லை, புல் இல்லை. எல்லாம் விலா எலும்பு தெரிய நின்றன.

“நல்ல வேளை, ஞாபகப்படுத்துனீங்க. உங்க ஆலையில திப்பி இருக்குமில்ல? போயி ஒரு மூட்டை கேட்டு வாங்கியாங்க.”

“அவங்கிட்டயா? நான் போயி நிக்கறதா?”

“ஆடு போயிக் கேக்க முடியாதுங்களே.”

போனார். வாசலில் நின்றார். மகன் வெளியே வரவில்லை. “வேணுங்கறத எடுத்துக்கச் சொல்லு” என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

மூட்டையை இறக்கியதும் ஆடுகள் கத்தின. பாவம், பசி. பெரியவர் அப்படியே அள்ளிப் போடப் போனார். மாதம்மா கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஈரத்தோட போட்டா ஆடு செத்துப்போயிடும்.”

“அட, ஆமா! எனக்குத் தெரியாததா? பச்சைத் திப்பி விஷமாச்சே. கத்துதேன்னு மறந்துட்டேன்.”

பாறையில் பரப்பினார். கிளறினார். காய்ந்ததும் தவிடும் கடலைப் புண்ணாக்கும் கலந்து கொஞ்சமாக வைத்தார். ஆடுகள் மோந்துவிட்டு விலகின. ஒரு கிழட்டு ஆடு மட்டும் வாய் வைத்தது. அப்புறம் எல்லாம் முண்டியடித்தன.

தீர்ந்ததும் மறுபடி போனார். மறுபடியும்.

ஒரு நாள் மகன் வாசலுக்கு வந்தான். முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

“ஆடு திங்குதா?”

“திங்குது. ஈரத்தக் காயவெக்கத்தான் முடியல. கிளறிக் கிளறி முதுகு புடிச்சுக்குது.”

அவன் திரும்பி உள்ளே போய்விட்டான். “கல்லாட்டம் இருக்கறாம்மா!” என்று வந்து பொருமினார். மாதம்மா குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

அடுத்த தடவை பெரியவர் கிளம்புமுன்பே குடிசை முன்னால் ஒரு டெம்போ வந்து நின்றது. செங்கோட்டுவேலே மூட்டையை இறக்கினான். வெயிலில் கறுத்திருந்தான். முழங்கை வரைக்கும் திப்பித் தூசி.

“ஆளுங்கள விட்டா சரியாக் கிளற மாட்டாங்க. நானே காயவெச்சேன்” என்றான் தரையைப் பார்த்து. “முதுகு இப்ப எப்படிப்பா இருக்கு?”

அர்த்தனாரி மூட்டைக்குள் கை விட்டார். திப்பி மொறமொறவென்று காய்ந்திருந்தது. விரலிடுக்கில் நொறுங்கியது. கையை எடுக்காமல் மகனையே பார்த்தார்.

“ஈரம் இருக்குங்களா?” என்று கேட்டார் மாதம்மா.

“இருக்குதும்மா.” பெரியவர் மகன் கையிலிருந்த தூசியைத் தட்டிவிட்டார்.

மாதம்மா மூட்டையை அவிழ்த்து ஆடுகளுக்குக் கொட்டினார்.