முழுசாய் அடித்த மிஸ்டு கால்

"இந்தச் சனியனை ஆத்துல வீசிப்போட்டு வந்தர்றனுங்கம்மா. அப்புறம் எனக்கு மந்திரம் குடுங்க."

மாரப்பன் செல்போனைத் தரையில் வைத்தான். விசைத்தறி ஓட்டுகிறவன், வயது ஐம்பத்தெட்டு. பவானி ஆற்றோரம் தகரக் கொட்டகையில் இருந்த துறவி ஞானாம்பிகை அம்மா அவனைவிடப் பத்து வயது இளையவர்.

"அது என்னங்க பண்ணுச்சு?"

"எம்பொண்டாட்டியக் கொன்னுபோட்டுதுங்க."

அவனே சொன்னான்.

மனைவி பாவாயி நூல்மில் வேலை முடிந்து வீடு சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். எடுக்கக் கூடாது. 'வந்துட்டேன்' என்று அர்த்தம். பதினாறு வருஷம் அப்படித்தான். அன்றைக்கும் தறிச் சத்தத்துக்கு நடுவே சட்டைப்பையில் போன் வெளிச்சம் அடித்தது. வந்துவிட்டாள் என்று நிம்மதியாய்த் தறியை ஓட்டினான், பாவி.

அவள் வீடு சேரவில்லை. லாரி இடித்து ரோட்டோரம் கிடந்தபடி கூப்பிட்டிருக்கிறாள்.

"ரெண்டு தடவ அடிச்சு நின்னுரும்ங்க எப்பவும். அன்னைக்கு முழுசா அடிச்சு ஓஞ்சுது. எனக்கு அது உறைக்கலீங்களே!"

"அதுக்கப்புறம்?"

"எந்தப் போனையும் எடுக்கறதில்லீங்க. ஏழு மாசமாச்சு. கை போக மாட்டீங்குது."

"கூப்பிடறது யாருங்க?"

"எம்புள்ள கோகிலா. தருமபுரில கட்டிக் குடுத்தது. நெறமாசம்னு பக்கத்து வூட்டுல சொன்னாங்க."

தாயைப் பறிகொடுத்த பெண்ணுக்கு அப்பன் குரலும் இல்லை. இவருக்கு மந்திரம் வேண்டியிருக்கிறது என்று அம்மா நினைத்துக்கொண்டார்.

"எல்லாத்தையும் விட்டுட்டனுங்க. சாமி ஒண்ணுதான் வேணும்."

அப்போதுதான் தரையில் கிடந்த போன் மணியடித்தபடி அதிர்ந்து நகர்ந்தது. கோகிலா. மாரப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அம்மா எழுந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். உபதேசம் செய்கிற முறைப்படி, காவித் துணியால் இருவர் தலையையும் மூடினார். அவன் கைகூப்பினான்.

வலது காதில் மெதுவாகச் சொன்னார்.

"சொல்லு சாமி."

அவன் காத்திருந்தான். வேறொன்றும் வரவில்லை.

"என்னத்தச் சொல்லட்டுமுங்க?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். மந்திரமே அதுதான்."

கொங்குச் சீமையில் பெற்ற பிள்ளையைச் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார்கள். அது அம்மாவுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

துணிக்கு வெளியே மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. மூன்று. நான்கு. ஐந்து.

மாரப்பன் துணியைப் பிய்த்தெறிந்துவிட்டுப் போனுக்குப் பாய்ந்தான்.

"சொல்லு சாமி!"