எலி கடிக்காமல் விட்ட கேபிள்

குளத்தங்கரை வாத்துப் பண்ணையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதன் பெட்டிக்குள் ஒரு சுண்டெலி குடியிருந்தது. மதர்போர்டு என்கிற தாய்ப்பலகையில் எந்த இணைப்பு எங்கே போகிறது என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அதற்கு வாய் ஓயாது. இது மெமரி செருகும் இடம், இது ஹார்ட் டிஸ்க் வயர், இது பென் டிரைவ் ஓட்டை என்று கரப்பான்பூச்சிக்குக்கூடப் பாடம் எடுக்கும்.

அன்று காலை அது ஐந்து குட்டிகள் போட்டிருந்தது. உடம்பில் ஒரு மயிர் கிடையாது, பாவம்! மழைக்காற்றில் வெடவெடவென்று நடுங்கின. மெத்தைக்கு நூல் தேடி அலைந்த எலி, பெட்டியின் பின்னால் வந்தது. அங்கே ஒன்பது ஊசி வைத்த சீரியல் போர்ட் என்கிற பழைய காலத்து இணைப்பு. அதில் திருகி முடுக்கிய தடித்த கேபிள்.

இதை யாரும் தொட்டே பார்த்ததில்லை, செத்துப்போன கேபிள்தான் என்று முடிவுகட்டி, உறையைக் கிழித்து நூல் எடுக்கப் பல்லை வைத்தது.

அந்த அறை வாசலில் நின்ற ஒரு வாத்து பதறி ஓடிவந்தது. "ஐயோ, வேண்டாம் தாயி! அதோட மறுமுனை என் முட்டைப் பெட்டிக்குள்ள போகுது."

வாத்து இட்ட பன்னிரண்டு முட்டைகளைப் பண்ணைக்காரர் எடுத்து, சூடு கொடுத்துக் குஞ்சு பொரிக்கும் பெட்டியில் வைத்திருந்தார். இருபத்தைந்து நாளாக வாத்து வாசலை விட்டு நகரவில்லை. சூடு குறைந்தால் திரையில் எண் இறங்கும், உடனே பெட்டிக்குள் பல்பு எரியும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

எலிக்குச் சுருக்கென்றது. அந்த போர்ட்டில் ஓயாமல் ஒரு துடிப்பு வருவதை அதன் மீசை அறியும்; வெறும் அதிர்வு என்று அது சட்டை செய்ததில்லை. எறும்பு வரிசை மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாக வரும். இரண்டு முனையும் ஒரே வேகத்துக்கு ஒத்துக்கொண்டு, அவசரமில்லாமல் பேசிக்கொள்ளும். முட்டைகளின் சூட்டைத்தான் அவை பேசுகின்றன என்பது இப்போதுதான் அதற்குப் புரிந்தது. தாய்ப்பலகை அதைக் கேட்டுத்தான் பல்பைப் போடுகிறது. ஒருநாளும் மக்கர் பண்ணாததால்தான் யாரும் அதைத் தொடவில்லை.

எலி பல்லை எடுத்துவிட்டது. ஆனால் குட்டிகள் முனகின. "என் பிள்ளைகளுக்கு நான் எங்க போவேன், அக்கா?" என்று அழுதே விட்டது.

வாத்து தன் மார்பில் அலகை வைத்து, மெத்தென்ற இறகுகளைக் கொத்தாகப் பிடுங்கிப் போட்டது. வலித்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"எடுத்துக்க. இந்த நெஞ்சுச் சூட்டை என் முட்டைகளுக்குக் கொடுக்க எனக்குக் கொடுத்துவைக்கல. உன் பிள்ளைகளாவது படுத்துக்கட்டும்."

மூன்றாம் நாள் பன்னிரண்டு முட்டைகளும் பொரிந்தன. அதுவரை எலி கேபிள் பக்கம் ஒரு கரப்பான்பூச்சியைக்கூட அண்டவிடவில்லை.

யாரும் தொடாமல் கிடக்கிறது என்பதற்காக ஒன்றை உதவாதது என்று முடிவுகட்டாதீர்கள். அதன் மறுமுனையில் யாருடைய உயிர் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.